விடுதிக் குப்பையிலே நமது தேங்காயெண்ணெய்

முன்னேஸ்வரம் தோஷம் நீங்கிய தலம் என்பது நம் முன்னோர் வழிவழியாகக் கூறிவரும் ஐதிகம். இராவணனை வதைத்து மீண்ட இராமபிரான், தன்னைத் தொடர்ந்து வந்த பிரமகத்தி தோஷம் இவ்விடத்தே தன்னை விட்டு விலகக் கண்டு, இறங்கி ஈசனை வழிபட்டான் என்பர். 1578 ஆம் ஆண்டிலே போர்த்துக்கேயர் இடித்துத் தள்ளிய இக்கோயிலைக் கண்டி மன்னன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன் 1753 இல் மீண்டும் எடுப்பித்தான். இன்றும் ஆவணித் திருவிழாவிலே தமிழரும் சிங்களவரும் ஒரே சந்நிதியில் கைகூப்பி நிற்கின்றனர். இராமாயணத் தலங்களைத் தரிசிக்கவென்று இந்தியாவிலிருந்து வருவோரின் பஸ் வண்டிகளும் இப்பொழுது கோயில் வாசலிலே வந்து நிற்கின்றன. அவர்களும், கடலையும் வெயிலையும் நாடி வரும் மேல்நாட்டாரும், நீர்கொழும்பு தொடங்கி மாரவில, சிலாபம், கற்பிட்டி ஈறாகவுள்ள கடற்கரை விடுதிகளிலே தங்கிச் செல்கின்றனர்.

அவ்விடுதிகளின் குளியலறைகளில் நடக்கும் ஒரு சிறு காரியத்தைப் பற்றியே இங்கு எழுத முற்படுகின்றோம். சிறு காரியம் என்று நாம் சொன்னாலும், அதற்குள்ளே பெரியதொரு அநீதி அடங்கியிருக்கிறது.

விருந்தினர் வருமுன்பே அறையிலே காகித உறையிட்ட சவர்க்காரக் கட்டி ஒன்று வைக்கப்படுகிறது. விருந்தினர் இரண்டொரு முறை கை கழுவுகிறார், ஒருமுறை குளிக்கிறார், மறுநாள் புறப்பட்டுவிடுகிறார். கட்டியிற் பாதிக்கு மேல் அப்படியே கிடக்கிறது. அடுத்து வருபவருக்கு அதனைக் கொடுக்க முடியாது. ஆகவே அது குப்பைக்கூடைக்குப் போகிறது. பக்கத்திலே பாதி நிறைந்த சிறு குப்பிகள்: தலைக்குப் பூசும் ஷாம்பு, மேனிக்குப் பூசும் களிம்பு. அவையும் அவ்வழியே போகின்றன. இவற்றையெல்லாம் அள்ளிக் கூடையில் இடுபவர் யார்? அறையைத் துப்புரவு செய்ய நம் கிராமங்களிலிருந்து செல்லும் பெண்களும் பிள்ளைகளுமே. தம் வீட்டிலே எண்ணி எண்ணிச் செலவிடும் பொருளை, வேலை செய்யும் இடத்திலே கூசாமல் எறிய வேண்டிய நிலை அவர்களுக்கு.

நம் வீடுகளிலே நடப்பதை நினைத்துப் பாருங்கள். சவர்க்காரம் இலைபோல் மெலிந்து கையில் நில்லாது வழுக்கும் போதும் நம் தாய்மார் அதனை எறிவதில்லை. புதுக் கட்டியை நனைத்து, அதன் முதுகிலே பழைய துண்டை ஒட்டி வைப்பார்கள். அதுவும் இயலாவிடின் துண்டுகளைச் சேர்த்துத் தண்ணீரில் ஊறவைத்துப் பாத்திரங் கழுவ எடுத்துக்கொள்வார்கள். இதனைக் கஞ்சத்தனம் என்று யாரும் சொன்னதில்லை. பொருளை மதிக்கும் பண்பு என்றே நாம் அறிந்திருக்கிறோம். அப்பண்பு விடுதியின் வாசலோடு நின்றுவிடுவதேன்?

இதனாலாகும் நட்டத்தைக் கணக்கிட்டுப் பார்ப்போம். நூறு அறைகளுள்ள விடுதி ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாள்தோறும் அறுபது அறைகளில் ஆளிருப்பதாகவும், வருபவர் இரண்டு இரவு தங்குவதாகவும் வைத்துக்கொள்வோம். அவ்வாறாயின் நாளொன்றுக்கு முப்பது அறைகள் காலியாகும். அறைக்கு இரண்டு சிறு கட்டிகள். ஒவ்வொன்றிலும் 15 கிராம் எஞ்சுகிறது. ஒரு நாளைக்கு 900 கிராம். ஓர் ஆண்டுக்கு ஏறத்தாழ 328 கிலோ. மேற்புறத்தைச் சுரண்டி நீக்குவதிலே காற்பங்கு கழிந்தாலும், 100 கிராம் நிறையுள்ள புதுக் கட்டிகள் 2,400 க்கு மேல் கிடைக்கும். பாடசாலை நாட்கள் ஆண்டுக்கு இருநூறு என்று கொண்டால், பள்ளி நாளொன்றுக்குப் பன்னிரண்டு கட்டிகள்! இஃது ஒரு விடுதியின் கணக்கு மட்டுமே. 2018 ஆம் ஆண்டிலே இந்நாட்டுக்கு வந்த உல்லாசப் பிரயாணிகள் 23 இலட்சத்துக்கு மேற்பட்டோர். இடையிலே வீழ்ந்த தொகை 2024 இல் மீண்டும் 20 இலட்சத்தைத் தாண்டிவிட்டது. விடுதிகள் பெருகுவதிலே நமக்கு வருத்தமில்லை. அவற்றோடு குப்பையும் பெருகுவதுதான் வருத்தம்.

தென்னைச் செய்கையாளருக்கு இதிலே தனிப்பட்ட அக்கறை இருக்க வேண்டும். சவர்க்காரம் என்பது எண்ணெயும் எரிசோடாவும் கூடிப் பிறக்கும் பொருள். நுரை கொடுப்பது பெரும்பாலும் தேங்காயெண்ணெயோ அதனையொத்த எண்ணெயோதான். தேங்காயெண்ணெய்ச் சவர்க்காரம் உப்பு நீரிலும் நுரைக்கும். கடலோடிகள் கடல் நீரிலே குளிப்பதற்கு அதனையே நாடினர். கிணற்றிலே உவர் ஏறிய நம் கரையோரக் குடும்பங்களும் அதன் அருமையை அறிவர். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ எட்டுத் தேங்காய் வேண்டும். நாம் மேலே சொன்ன விடுதி எறியும் 328 கிலோவும் தேங்காயெண்ணெயால் ஆனது என்று கொண்டால், ஆண்டுக்கு 2,000 தேங்காய்களுக்கு மேல் ஒரே விடுதியின் குப்பையிலே போகின்றன. அவ்வளவும் தேங்காயெண்ணெய் அல்ல. பாம் எண்ணெயும் பிறவும் அதிற் கலந்திருக்கும். கலந்தாலென்ன? அதுவும் எங்கோ ஒரு கமக்காரன் நிலத்தில் விளைந்ததுதான். லுணுவிலையிலே 1929 ஆம் ஆண்டிலிருந்து தென்னை ஆராய்ச்சி நடைபெறும் மாவட்டம் இது. 2025 ஆம் ஆண்டின் தொடக்கத்திலே தேங்காயொன்று இருநூறு ரூபாவுக்கு மேல் விற்றதை நாம் மறந்துவிடவில்லை. காய் அரிதாகும் காலத்திலே எண்ணெயை எறிவது அறிவுடைமையாகுமா?

எறிந்த பொருள் எங்கே போகிறது என்பதையும் புத்தளம் மக்கள் கேட்க வேண்டும். 2017 ஏப்ரலிலே கொழும்பு மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்து முப்பதுக்கு மேற்பட்டோர் மாண்டனர். அதன் பின் தலைநகரின் குப்பைக்கு இடந் தேடிய அரசாங்கம், நம் மாவட்டத்து அருவக்காட்டைச் சுட்டிக்காட்டியது. மக்கள் மாதக் கணக்கிலே மறியலிருந்தும், 2019 ஆகஸ்டிலே குப்பை லொறிகள் வந்து சேர்ந்தன. நூற்றைம்பது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ளவர்களின் கழிவை நம் தலையிலே கட்டாதீர் என்று அன்று குரல் எழுப்பிய நாம், நம் கரையிலுள்ள விடுதிகளின் கழிவைப் பற்றி வாய் திறவாதிருப்பது நியாயமா? குப்பையைக் கொண்டுவராதே என்று சொல்லும் உரிமை, குப்பையைக் குறைக்கும் கடமையோடு சேர்ந்தே வருகிறது.

இனி, சவர்க்காரம் யாருக்குத் தேவை என்பதைப் பார்ப்போம். கராச்சி நகரத்துக் குடிசைப் பகுதிகளிலே செய்யப்பட்ட ஓர் ஆய்வு 2005 இல் லான்செட் மருத்துவ ஏட்டிலே வெளியாயிற்று. சவர்க்காரம் இலவசமாகக் கொடுத்து, கை கழுவும் பழக்கத்தை வாரந்தோறும் வீடு தேடிச் சென்று வற்புறுத்திய இடங்களிலே, பதினைந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளிடையே வயிற்றோட்டம் நூற்றுக்கு 53 பங்கும், ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளிடையே நியூமோனியாக் காய்ச்சல் நூற்றுக்கு 50 பங்கும் குறைந்தன. விலையுயர்ந்த மருந்தாலன்று, சாதாரண சவர்க்காரத்தாலேயே இப்பயன் விளைந்தது. நம் வைத்தியர்களுக்கு இது புதுச் செய்தியன்று. ஆயினும் 2022 செப்டெம்பரிலே கொழும்பு விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் நூற்றுக்கு 69 ஐயும் கடந்தபோது, ஏழைக் குடும்பத்தின் கடைப் பட்டியலிலே எது வெட்டுண்டது என்று எண்ணிப் பாருங்கள். அரிசியை நிறுத்த முடியாது, பிள்ளையின் பாலை நிறுத்த மனம் வராது, சவர்க்காரத்தைத்தான் ஒத்திவைக்கலாம். 2025 நவம்பர் இறுதியிலே தித்வா சூறாவளி வந்து இம்மாவட்டமும் வெள்ளத்தில் அவதியுற்றபோதும் அவ்வாறே. வெள்ளம் வடிந்தபின் கிணறும் முற்றமும் சேறாகக் கிடக்க, உணவுப் பொதிக்கு அடுத்தபடியாக வேண்டப்படும் பொருள் சவர்க்காரமே.

இடம்பெயர்ந்து முகாமிலே வாழ்வது இன்னதென்பதைப் புத்தளம் நன்கறியும். 1990 இல் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்கள் தஞ்சம் புகுந்த மண் இது. ஆகவே இன்னொரு நாட்டு அகதியின் கதையை இவ்விடத்தே சொல்வது பொருந்தும். டெரிக் கயோங்கோ என்பவர் உகண்டாவிலே பிறந்தவர். இடி அமீனின் கொடுங்கோலாட்சிக் காலத்திலே அவர் குடும்பம் நாட்டை விட்டோடிற்று. அவருடைய தந்தையார் சவர்க்காரம் செய்யுந் தொழிலறிந்தவர். பின்னர் அமெரிக்காவுக்குச் சென்ற கயோங்கோ, பிலடெல்பியா நகர விடுதியொன்றிலே தங்கினார். அறையிலே நாள்தோறும் புதுச் சவர்க்காரம் வைக்கப்படுவதைக் கண்டு, அதற்கும் பணம் அறவிடுவார்களோ என்று அஞ்சினார். பழையதை எறிந்துவிடுகிறோம் என்ற விடை அவரைத் திகைக்க வைத்தது. முகாம்களிலே சவர்க்காரமின்றி வாடியவர்களைக் கண்ணாரக் கண்டவரல்லவா? அவ்வெண்ணம் மனத்திலே ஊறி, 2009 ஆம் ஆண்டிலே அட்லாண்டா நகரிலே ஓர் இயக்கமாக உருவெடுத்தது. விடுதிகள் எறிந்த சவர்க்காரம் புதுக் கட்டியாகிக் கடல் கடந்து ஏழை நாடுகளுக்குச் சென்றது. அதே 2009 இல் ஒர்லாண்டோ நகரிலே ஷோன் செய்ப்லர் என்பவரும் நண்பர்களும் ஒரு வண்டிக் கொட்டகையிலே உருளைக்கிழங்குத் தோல் சீவியும் இறைச்சி அரைக்கும் பொறியும் கொண்டு இதே வேலையைத் தொடங்கினர். 'கிளீன் த வேர்ல்ட்' என்னும் அவ்வமைப்பு, பத்தாண்டுகளில் ஐந்து கோடிக்கு மேற்பட்ட கட்டிகளை வழங்கியதாகக் கணக்குக் காட்டுகிறது. நமக்கு அருகே, மும்பையிலும் 'சுந்தரா' என்னும் அமைப்பு விடுதிச் சவர்க்காரத்தைப் பெண்களைக் கொண்டு புதுப்பித்து, குடிசைப் பகுதிகளுக்கு வழங்கி வந்திருக்கிறது.

இது பெருந் தொழிற்சாலை வேண்டும் காரியமன்று. சேர்த்த துண்டுகளை நிறமும் தரமும் பார்த்துப் பிரிக்க வேண்டும். தலைமயிரும் அழுக்கும் ஒட்டிய மேற்புறத்தைக் கத்தியாற் சுரண்டி நீக்க வேண்டும். பின் துருவித் தூளாக்கி, கிருமி நீக்கும் திரவம் கலந்து, அச்சிலிட்டு அழுத்த வேண்டும். உருக்கி வார்ப்பதும் உண்டு. டைவர்சி என்னும் துப்புரவுப் பொருள் நிறுவனம் 2013 இல் தொடங்கிய 'சோப் ஃபோர் ஹோப்' திட்டம், அடுப்பும் மின்சாரமும் இல்லாமலே கட்டி பிடிக்கும் முறையைப் பல நாடுகளிலே கற்றுக் கொடுத்திருக்கிறது. தேங்காய் துருவத் தெரிந்த கைகளுக்கு, தும்பு திரிக்கத் தெரிந்த கைகளுக்கு, இது கற்க முடியாத வித்தையா?

இங்கே ஒரு பலத்த ஆட்சேபம் எழும். "பிறர் மேனியிலே தேய்த்த எச்சிற் சவர்க்காரத்தை எம் பிள்ளைகளுக்குக் கொடுப்பதா? பணக்காரனின் கழிவுதான் ஏழைக்குத் தானமா?" என்று கேட்பர். இக்கேள்வியை நாம் இலேசாகத் தள்ளிவிட மாட்டோம். பழைய சோற்றையும் கிழிந்த துணியையும் பின் வாசலிலே நீட்டி, அதையே தருமமென்று சொல்லிக்கொண்ட சமுதாயம் நம்முடையது. அவ்வழக்கத்தால் அவமதிக்கப்பட்டவர்கள் நம்மிடையே இன்றும் இருக்கிறார்கள். அவர்களுடைய கோபம் நியாயமானது.

ஆயினும் இரண்டு சங்கதிகளை வேறு பிரித்துப் பார்க்க வேண்டும். முதலாவது, சுகாதாரம். 1988 இல் வெளியான ஓர் ஆய்விலே, வேண்டுமென்றே கிருமி பூசிய சவர்க்காரத்தாற் கை கழுவிய பதினாறு பேரின் கைகளிலும் அக்கிருமிகள் கண்டறியத்தக்க அளவில் இருக்கவில்லை. அவ்வாய்வைச் செய்தவர்கள் ஒரு சவர்க்கார நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள் என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆகவே அதை மட்டும் நம்பி இருந்துவிட வேண்டாம். சுரண்டி, கிருமி நீக்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கண்காணிப்பிலே ஆய்வுகூடப் பரிசோதனையும் செய்த பின்பே வெளியே விடுவோம்.

இரண்டாவது, மானம். அதற்கு மருந்து சவர்க்காரத்தை எறிந்துவிடுவதன்று. அதனைக் கொடுக்கும் முறையை மாற்றுவதே. புதுப்பித்த கட்டி முதலிலே விடுதி முதலாளியின் அலுவலகத்திலும், நகர சபைக் கட்டடத்திலும், கச்சேரியிலும், பாராளுமன்ற உறுப்பினரின் காரியாலயத்திலும் கைகழுவும் தொட்டியருகே இருக்கட்டும். அவர்கள் தொட்டுக் கழுவிய பிறகு பள்ளிக்கூடத்துக்கு வரட்டும். பெரியவர்கள் பயன்படுத்தக் கூசும் பொருளைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் திட்டம் எதுவாயினும், அதனை முதலில் எதிர்ப்பவர்கள் நாமாகவே இருப்போம். அன்றியும், இதனைத் தானமென்று பெயரிட்டு விடுதிகள் புகைப்படம் பிடித்துக்கொள்வதற்கும் நாம் உடன்படோம். தம் கழிவைத் தாம் ஒழுங்குசெய்வது கடமை, கொடையன்று.

சட்டத்தின் போக்கையும் சற்றே நோக்குவோம். 2021 மார்ச்சு 31 முதல், உணவும் மருந்தும் அல்லாத பொருள்களை 20 மில்லிலீற்றரோ 20 கிராமோ அதற்குக் குறைந்த அளவோ கொண்ட சிறு பிளாஸ்டிக் பொதிகளில் அடைத்து விற்பதை அரசாங்கம் தடைசெய்தது. சூழலுக்கு நன்மையே, நாமும் வரவேற்றோம். ஆனால் அந்தச் சிறு ஷாம்புப் பொதியை வாங்கியவர் யார்? முழுக் குப்பி வாங்க வசதியில்லாத கூலித் தொழிலாளி. 2023 இல் பிளாஸ்டிக் உறிஞ்சு குழாய், பூமாலை, இடியப்பத் தட்டு ஆகியவையும் தடைப்பட்டன. விடுதிக் குளியலறையிலே ஒரே நாளிலே எறியப்படும் சிறு குப்பியோ அப்பட்டியல்களில் இடம்பெறவில்லை. ஏழையின் பொதிக்குத் தடை, செல்வரின் குப்பிக்கு விலக்கு என்றால், அஃது எவ்வகை நீதி? அமெரிக்காவின் கலிபோர்ணியா மாநிலம் 2019 இல் சட்டமியற்றி, ஐம்பது அறைகளுக்கு மேற்பட்ட விடுதிகளிலே 2023 முதலும் ஏனையவற்றிலே 2024 முதலும் இச்சிறு குப்பிகளை ஒழித்துவிட்டது. உலகின் பெரிய விடுதிக் கம்பனிகள் சிலவும் சுவரிலே பொருத்தி மீள நிரப்பும் குப்பிகளுக்கு மாறத் தொடங்கிவிட்டன. அங்கே இயன்றது இங்கே இயலாதா?

செலவாகுமே என்பர் விடுதிக்காரர். சேர்ப்பதற்கு ஒரு தனிக்கூடை, வாரம் ஒருமுறை ஒரு வண்டி, இதற்கா பஞ்சம்? புதுச் சவர்க்காரத்தின் வியாபாரம் குன்றுமே என்பர் வணிகர். வாங்க வழியில்லாதவர்களின் கைக்கு அது போகும்போது யாருடைய வியாபாரம் குன்றும்? இன்னொரு பக்கம், இவ்வேலையைச் செய்யும் பெண்களுக்குச் சேவை என்ற பெயரிலே அரைக்கூலி கொடுக்கவும் சிலர் முனைவர். அதற்கும் இடங் கொடுக்கலாகாது. கழிவை அகற்ற விடுதி இப்பொழுதும் பணஞ் செலவிடுகிறது. அப்பணத்தின் ஒரு பகுதி இப்பெண்களின் ஊதியமாக வரட்டும்.

ஆதலின் நாம் வேண்டுவன நான்கு. ஒன்று: உள்ளூராட்சி மன்றங்கள் விடுதிகளுக்கு ஆண்டுதோறும் அனுமதிப் பத்திரம் வழங்கும்போது, எஞ்சிய சவர்க்காரத்தைத் தனியாகச் சேர்த்து ஒப்படைக்க வேண்டுமென்பதை ஒரு நிபந்தனையாக்க வேண்டும். சிலாபத்து மன்றங்கள் இதற்கு வழிகாட்டலாம். இரண்டு: மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களும் கூட்டுறவுச் சங்கங்களும் இத்தொழிலை ஏற்று நடத்த, சிறு மூலதனமும் பயிற்சியும் அளிக்க வேண்டும். உடப்பிலும் முன்னேஸ்வரத்திலும் உள்ள தமிழ்ப் பெண்களுக்கும், அயற் கிராமங்களிலுள்ள சிங்கள, முஸ்லிம் பெண்களுக்கும் அதிலே சம இடம் வேண்டும்; பயிற்சி இரு மொழியிலும் நடக்க வேண்டும். மூன்று: கிடைக்கும் கட்டிகள் கட்சிச் சின்னமோ விடுதியின் பெயரோ பொறிக்கப்படாமல், பாடசாலைகளுக்கும் வெள்ள நிவாரணக் களஞ்சியத்துக்கும் கணக்கோடு போய்ச் சேர வேண்டும். நான்கு: சிறு குப்பிகளுக்கு மத்திய அரசாங்கம் தவணை குறித்துத் தடை விதிக்க வேண்டும்.

கோயில் தர்மகர்த்தாக்களும் இதிலே உதவலாம். திருவிழாக் காலத்திலே ஆயிரக் கணக்கானோர் கூடும் இடத்திலே, புதுப்பித்த சவர்க்காரம் முதன்முதலாகக் கைகழுவும் இடங்களிலே வைக்கப்படுமானால், அதனைத் தொட்டவர் தமிழரா சிங்களவரா, செல்வரா ஏழையா என்று யாரும் கேட்கப் போவதில்லை. எச்சிலென்னும் கூச்சமும் அங்கேயே கழுவப்பட்டுவிடும்.

உத்தியோகத்தரும் கமக்காரரும் இதனைத் தத்தம் ஊர்ச் சங்கத்திலே பேச வேண்டுகிறோம். அடுத்த சபைக் கூட்டத்திலே நம் பிரதிநிதிகள் எழுந்து, "நம் எல்லைக்குள் எத்தனை விடுதிகள் உள, அவற்றின் சவர்க்காரம் எங்கே போகிறது?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்கட்டும். விடை கிடைக்காவிட்டால், அந்தப் பதிலின்மையையே ஊரறியச் சொல்லட்டும். தாய்மார் தேய்ந்த துண்டை ஒட்டி வைத்துக் காத்த சிக்கனத்தைச் சட்டமாக்குவதற்கு இதைவிடப் பெரிய முயற்சி தொடக்கத்திலே வேண்டியதில்லை.